ஆறாவது வார ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரியவில்லை என்றால்: கர்ப்பத்தின் முதல் வாரங்கள் பற்றி ஒரு பதில்

கர்ப்பத்தின் முதல் சில வாரங்களில் எதை எதிர்பார்க்கலாம், அதில் எது இயல்பு, எது இயல்பல்ல என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்கு மேலே நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் வேறொன்றைக் கேட்கின்றன. கடைசி மாதவிடாய் தொடங்கி 6 வாரம் 2 நாளில் எடுத்த ஸ்கேனில் 10 மி.மீ. அளவில் ஒரு சாக்கும் (கரு வளரும் பை) அதற்குள் யோக் சாக்கும் (மஞ்சட்கருப் பை) மட்டுமே தெரிந்தன, இதயத்துடிப்பு தெரியவில்லை, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். மூன்று நாளாக மசக்கை குறைந்துவிட்டது. நேற்று உள்ளாடையில் பழுப்பு நிறக் கறை. கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பு தலைவலிக்கு இரண்டு ஐபுபுரூஃபன் மாத்திரை போட்டுக்கொண்டீர்கள். ஒரு விருந்தில் ஒரு கோப்பை ஒயினும் அருந்தினீர்கள். இவற்றைச் சேர்த்துப் படித்தால், "கரு கலைந்துவிட்டதா, கலைந்திருந்தால் நான்தான் காரணமா" என்பதே உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதன் முதல் பாதிக்கு இன்றைய தேதியில் யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் கீழே விரிவாக எழுதுகிறேன். இரண்டாவது பாதிக்குப் பதில் இப்போதே உண்டு: நீங்கள் காரணம் அல்ல.

மகப்பேறு மருத்துவத்தில் 20 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேனே தவிர, உங்களைப் பரிசோதிக்கவோ உங்கள் ஸ்கேன் படத்தைப் பார்க்கவோ எனக்கு வாய்ப்பில்லை. ஆகவே நீங்கள் கொடுத்த அளவுகள் சரி என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். உங்களை நேரில் பார்த்தவர் இதற்கு மாறாக ஏதேனும் சொன்னால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாள் கணக்கு. இந்த வாரங்களில் ஏற்படும் கலக்கத்தில் பாதி இதிலிருந்துதான் வருகிறது. 6 வாரக் கர்ப்பம் என்று நாங்கள் சொல்லும்போது கருவுக்கு வயது ஏறத்தாழ 4 வாரம்தான். கருத்தரித்த நாள் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, மாதவிடாய் வந்த நாள் நினைவில் இருக்கும் என்பதால், கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. ஜெர்மன் மருத்துவர் நேகலேயின் பெயரில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவரும் 280 நாள் கணக்கும் அதே அடிப்படையில் அமைந்ததுதான். 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும், 14ஆம் நாள் வாக்கில் கருமுட்டை வெளிவரும் என்று அந்தக் கணக்கு வைத்துக்கொள்கிறது. உங்களுக்கோ 33 முதல் 35 நாள் சுற்று என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கருமுட்டை 20ஆம் நாள் வாக்கில் வெளிவந்திருக்கக்கூடும். ரிப்போர்ட்டில் 6 வாரம் 2 நாள் என்று இருப்பது உண்மையில் ஐந்தரை வாரத்தை ஒட்டி இருக்கலாம். எட்டாவது மாதத்தில் ஆறு நாள் முன்னே பின்னே இருந்தால் ஸ்கேனில் அது பெரிதாகத் தெரியாது. இந்தப் பருவத்தில் ஆறு நாள் என்பது வெற்றுப் பைக்கும் துடிக்கும் இதயத்துக்கும் இடையிலுள்ள தூரம்.

பிறப்புறுப்பு வழியாக உள்ளிருந்து எடுக்கும் ஸ்கேனில் நாலரை முதல் ஐந்து வாரத்தில் சாக் தெரியத் தொடங்கும். திரையில் கருப்பை சாம்பல் நிறத்தில் இருக்கும்; அதன் நடுக்கோட்டிலிருந்து சற்று ஒதுங்கி, தடித்த வெளிறிய விளிம்போடு ஒரு சிறு கறுப்பு வட்டம். ஐந்தரை வாரத்தை ஒட்டி அதற்குள் மெல்லிய மோதிரம் போல யோக் சாக் தோன்றும். மஞ்சட்கருப் பை என்று பெயர் இருந்தாலும் பறவை முட்டையில் உள்ளது போன்ற மஞ்சள் கரு அதில் கிடையாது. கருவின் முதல் ரத்த அணுக்கள் அங்கேதான் உருவாகின்றன. ஆறு வாரத்தை ஒட்டி அந்த மோதிரத்தின் ஓரத்தில் அரிசி நுனி அளவுக்கு ஒரு தடிப்பு தெரியும். அந்தத் தடிப்புக்குள் விட்டுவிட்டு மின்னும் ஒரு புள்ளிதான் இதயம். அதன்பின் கரு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மி.மீ. நீளம் வளரும். உங்கள் சாக்கின் 10 மி.மீ. அளவையும், உள்ளே யோக் சாக் இருப்பதையும், உங்கள் நீண்ட மாதவிடாய்ச் சுற்றையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தியே வருகின்றன. இதனால் எல்லாம் நலம் என்று ஆகிவிடாது. எல்லாம் நலமாக இருந்திருந்தாலும் அன்றைய ஸ்கேன் இப்படித்தான் இருந்திருக்கும் என்பது மட்டும் உறுதி.

இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னதை அலட்சியம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. அதில் உங்கள் மருத்துவர் பக்கம்தான் நான் நிற்பேன். முன்பெல்லாம் கரு 5 மி.மீ. நீளம் வளர்ந்தும் துடிப்பு இல்லையென்றாலோ, சாக் 16 மி.மீ. இருந்தும் உள்ளே கரு தெரியவில்லையென்றாலோ கர்ப்பம் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டும் வழக்கம் பரவலாக இருந்தது. அந்த அளவுகோலின்படி, உயிரோடு இருக்கும் கர்ப்பங்களில் சிலவும் தோற்றவை என்று தவறாகக் கணிக்கப்படக்கூடும் என்பது பின்னர் தெரியவந்தது. அதனால் 2013இல் வெளியான அமெரிக்க ஸ்கேன் வல்லுநர் குழுவின் பரிந்துரை அந்த எல்லைகளை உயர்த்தியது: கரு 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லை, அல்லது சாக்கின் சராசரி விட்டம் 25 மி.மீ. எட்டியும் உள்ளே கரு இல்லை என்றால்தான் ஒரே ஸ்கேனில் முடிவு சொல்லலாம். இதற்குக் கீழே இருந்தால் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். யோக் சாக்கோடு கூடிய சாக் தெரிந்திருந்தால் குறைந்தது 11 நாள், யோக் சாக்கும் இல்லாதிருந்தால் குறைந்தது 14 நாள். அதாவது அந்த இடைவெளிதான் பரிசோதனை. நான்காவது நாளே இன்னோரிடத்தில் போய் ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் இதே "இப்போது சொல்ல முடியாது" என்ற பதிலைத்தான் இன்னொரு முறை கேட்டு வருவீர்கள்.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிற்சி முடித்த புதிதில், ஸ்கேன் திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அளந்து முடிக்கும் வரை வாய் திறக்காமல் பார்ப்பது என் வழக்கமாக இருந்தது. ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது படுத்திருந்த பெண் அழத் தொடங்கிவிட்டார். அந்தக் கருவுக்கு எந்தக் குறையும் இல்லை. நான் பேசாமல் இருந்ததைத்தான் அவர் கெட்ட செய்தி என்று எடுத்துக்கொண்டார். அவர் கண் திரையில் இல்லை, என் முகத்தில் இருந்தது என்பதை அன்றுதான் கவனித்தேன். அதன்பின் பார்ப்பதைப் பார்த்தபடியே வாய்விட்டுச் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

ரத்தத்தில் ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவை இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 48 மணி நேரத்தில் அது இரட்டிப்பாக வேண்டும், இல்லையென்றால் கெட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். அது கறாரான விதி அல்ல. தொடக்க அளவு 1500க்குக் கீழே இருக்கும்போது இரண்டு நாளில் 49 சதவீதம் உயர்ந்தாலே நல்ல கர்ப்பத்தின் வரம்புக்குள்தான் வரும். தொடக்க அளவு 3000ஐத் தாண்டிவிட்டால் 33 சதவீத உயர்வுகூட அந்த வரம்புக்குள் அடங்கும். ஸ்கேனில் ஒன்றுமே தெரியாத கட்டத்தில், கர்ப்பம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க உதவும் பரிசோதனை இது. கருப்பைக்குள்ளேயே யோக் சாக் தெரிந்துவிட்ட பிறகு ஸ்கேன் சொல்வதைவிட அதிகமாக எதையும் அது சொல்லாது. இதில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு நல்ல செய்தி உண்டு. யோக் சாக் கருப்பைக்குள் தெரிந்ததால், கருக்குழாயில் தங்கும் கர்ப்பம் என்ற, தாயின் உயிருக்கே ஆபத்தான நிலை உங்கள் விஷயத்தில் ஏறக்குறைய இல்லை என்றாகிவிட்டது. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு அப்படிக் கருப்பைக்கு வெளியே தங்குகின்றன. முதல் ஸ்கேனில் எங்கள் கண் முதலில் தேடுவது அதைத்தான். கருப்பைக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு கருக்கள் தங்குவது மிக அரிது. செயற்கை முறையில் கருத்தரித்தவர்களிடம் அது சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது.

இனி மசக்கைக்கு வருகிறேன். பத்துப் பெண்களில் ஏழெட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ இருக்கும். ஐந்தாறு வாரத்தில் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்கு 16 முதல் 20 வாரத்துக்குள் அடங்கிவிடும். ஹெச்சிஜிதான் காரணம் என்று வெகுகாலமாகச் சொல்லிவந்தோம். 2023இன் இறுதியில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்துக்கு வரும் ஜிடிஎஃப்-15 என்ற ஹார்மோனைச் சுட்டிக்காட்டியது. கர்ப்பத்துக்கு முன்பு அந்த ஹார்மோன் குறைவாக இருந்து பழகிய உடல், அது திடீரென்று கூடும்போது கடுமையாக எதிர்வினை செய்கிறது என்பது அதன் சாரம். ஒரே மாதிரி நலமாக வளரும் இரண்டு கர்ப்பங்களில் ஒரு பெண் படுக்கையை விட்டு எழ முடியாமலும் இன்னொருவர் ஒன்றுமே தெரியாமலும் இருப்பது ஏன் என்பதற்கு இதுவரை கிடைத்த விளக்கங்களில் இதுவே எனக்கு நம்பும்படியாக இருக்கிறது.

உங்களுக்குக் குறைந்துவிட்டதே, அதற்கு என்ன பொருள்? பெரிய எண்ணிக்கையில் பெண்களைப் பார்த்த ஆய்வுகளில், குமட்டல் உள்ளவர்களிடம் கருச்சிதைவு குறைவாக இருப்பது உண்மைதான். ஆனால் ஆயிரம் பேரைப் பற்றிய அந்த உண்மையை வைத்து ஒருவரின் செவ்வாய்க்கிழமை காலையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. மசக்கை ஏறி இறங்கும் இயல்புடையது. மூன்று நாள் பாடாய்ப் படுத்தி, இரண்டு நாள் விட்டுக் கொடுத்து, மறுபடி வந்து பிடித்துக்கொள்ளும். குமட்டல் நீடித்தும் ஸ்கேனில் துடிப்பில்லாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். குமட்டல் அடியோடு நின்று, பயந்து ஓடிவந்து, துடிப்பைப் பார்த்துவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். மார்பை அழுத்திப் பார்த்து வலிக்கிறதா என்று தினமும் சோதிக்கும் பழக்கம் இந்த வாரங்களில் பலருக்கும் வந்துவிடுகிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அழுத்த அழுத்த வலிக்கத்தான் செய்யும். மார்பு கனப்பது, அடிக்கடி சிறுநீர் வருவது, மலச்சிக்கல், மாதவிடாய் வரப்போவது போல அடிவயிற்றில் மெல்லிய பிசைவு, எந்த வாடையும் மூக்கில் ஏறுவது, மாலை ஆறு மணிக்கே கண்ணைச் சுழற்றும் அசதி ஆகிய எல்லாமே வரலாம், வராமலும் போகலாம்.

குமட்டல் திரும்பி வந்து கடுமையானால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம். மருந்து என்றாலே பயப்படுவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் தரப்பட்டு, 1961இன் இறுதியில் திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் குறைபாடுகளோடு பிறந்தார்கள். அந்த நினைவின் நிழல் நல்ல மருந்துகள் மீதும் விழுந்தது. டாக்சிலமினும் வைட்டமின் பி6உம் சேர்ந்த மாத்திரை அமெரிக்காவில் வழக்குகளின் சுமையால் 1983இல் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. தீங்கு செய்கிறது என்பதற்குச் சான்று இருக்கவில்லை. 2013இல் அதே சேர்க்கை அங்கே மறுபடி அனுமதி பெற்றது. இன்று கர்ப்பத்தில் மிக அதிகமாக ஆராயப்பட்ட மருந்துகளில் அதுவும் ஒன்று. உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். குடித்த தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் கறுத்துக் குறைந்துவிட்டது, எடை கர்ப்பத்துக்கு முன்பிருந்ததில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிட்டது என்றால் அது மசக்கையின் எல்லையைத் தாண்டிய நோய். அதற்கு ரத்தக் குழாய் வழியே நீரும் தயமினும் (வைட்டமின் பி1) ஏற்ற வேண்டிவரும்.

பழுப்புக் கறை பற்றி. நான்கு கர்ப்பங்களில் ஏறத்தாழ ஒன்றில் முதல் மூன்று மாதத்துக்குள் ஏதோ ஓர் அளவில் ரத்தம் தெரிகிறது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை தொடர்ந்து வளர்கின்றன. பழுப்பு என்றால் சில நாளுக்கு முன்பே கசிந்து வெளிவரத் தாமதமான பழைய ரத்தம். ஒரு நாள், இரண்டு நாள் மட்டும் இலேசாகப் படும் கறையால் கருச்சிதைவுக்கான வாய்ப்பு குறிப்பிடும்படி கூடுவதாகத் தெரியவில்லை. மாதவிடாய் போல நன்றாகப் போவதும் கூடவே வலிப்பதும் வேறு கதை. கறை தெரிந்ததும் படுத்த படுக்கையாக இருக்கச் சொல்வது பழைய வழக்கம். படுக்கை ஓய்வு கருச்சிதைவைத் தடுக்கிறது என்று இதுவரை எந்த ஆய்வும் காட்டவில்லை; அசையாமல் கிடந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். நடங்கள், வேலைக்குப் போங்கள், மாடிப்படி ஏறுங்கள். உடலுறவு கருவைக் கலைத்துவிடாது. கசிவு இருக்கும் நாட்களில் மட்டும் தள்ளிவைப்பதைப் பலரும் விரும்புகிறார்கள்.

புரோஜெஸ்டிரோன் மாத்திரை தரட்டுமா என்று உங்களிடம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இது இன்னும் கருத்து வேறுபாடு உள்ள இடம் என்பதால் எனக்குத் தெரிந்ததை அப்படியே வைக்கிறேன். பிரிட்டனில் 4153 பெண்களை வைத்து நடந்து 2019இல் வெளியான பிரிசம் ஆய்வில், ரத்தக் கசிவு இருந்தவர்களில் புரோஜெஸ்டிரோன் எடுத்தவர்களில் 75 சதவீதத்தினருக்கும் வெற்று மருந்து எடுத்தவர்களில் 72 சதவீதத்தினருக்கும் உயிரோடு குழந்தை பிறந்தது. தற்செயலாகவும் ஏற்படக்கூடிய அளவு வித்தியாசம்தான் அது. ஆனால் முன்பே கருச்சிதைவு ஆனவர்களிடம், குறிப்பாக மூன்று அல்லது அதற்கு மேல் ஆனவர்களிடம், பலன் தெளிவாகத் தெரிந்தது. உங்களுக்கு இது முதல் கர்ப்பம். எடுத்துக்கொள்வதால் பெரிய தீங்கு இல்லை, எடுக்காமல் விட்டால் எதையோ இழந்துவிட்டோம் என்றும் இல்லை. என்னிடம் வந்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். தருகிறவரைத் தவறு என்றும் சொல்ல மாட்டேன். உங்கள் ரத்த வகை ஆர்ஹெச் நெகட்டிவ் என்றால் கசிவு பற்றி அவரிடம் கட்டாயம் தெரிவியுங்கள். 12 வாரத்துக்கு முன்பு, ஆர்ஹெச் நெகட்டிவ் பெண்களுக்குத் தரும் ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்பதில் நாட்டுக்கு நாடு வழிகாட்டுதல் மாறுபடுகிறது.

இப்போது அந்த மாத்திரையும் ஒயினும். முதல் மூன்று மாதத்தில் நேரும் கருச்சிதைவுகளில் பாதி அல்லது அதற்கும் மேல் குரோமோசோம் எண்ணிக்கையில் ஏற்படும் பிழையால் நேர்பவை. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போதோ, சேர்ந்த பிறகு நடக்கும் முதல் சில பிளவுகளிலோ ஒரு குரோமோசோம் கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். உங்களுக்கு நாள் தள்ளிப்போகும் முன்பே முடிந்துவிடும் காரியம் அது. நீங்கள் தூக்கிய பை, ஏறிய பேருந்து, அழுத இரவு எதுவும் அந்த எண்ணிக்கையை மாற்றாது. கர்ப்பம் உறுதியான பிறகு ஐபுபுரூஃபன் வேண்டாம் என்றே சொல்வோம். வலிக்கோ காய்ச்சலுக்கோ பாராசிட்டமால் போதும். ஆனால் தெரியாமல் போட்ட இரண்டு மாத்திரையால் கரு கலைந்தது என்று சொல்ல எனக்கு எந்த அடிப்படையும் இல்லை. மதுவில் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று எந்த அளவையும் யாரும் நிறுவவில்லை. எனவே இனி ஒரு துளியும் வேண்டாம். அன்று அருந்திய ஒரு கோப்பைக்காக இரவெல்லாம் விழித்திருக்கவும் வேண்டாம்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய மருந்துகள் வேறு. முகப்பருவுக்கு எடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், வலிப்புக்கான வால்ப்ரோயேட், மூட்டு நோய்க்கான மெத்தோட்ரெக்சேட், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், சிலவகை ரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றில் எதையாவது நீங்களோ இதைப் படிக்கும் வேறு யாரோ எடுத்துக்கொண்டிருந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். முகப்பரு மாத்திரையை உடனே நிறுத்திவிடலாம். வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்துவதால் வரும் வலிப்பு தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து. தைராய்டு குறைவுக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு முதல் வாரங்களிலேயே அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். அதையும் தள்ளிப்போட வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஃபோலிக் அமிலம் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் 12 வாரம் வரை எடுங்கள். மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக்குழல் கருத்தரித்த 28ஆம் நாள் வாக்கில், அதாவது நமது கணக்கில் ஆறாவது வாரத்தின் முடிவில், மூடிக்கொள்கிறது. அதனால்தான் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்குவது நல்லது என்கிறோம். 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், முன்பே அப்படிப்பட்ட குறைபாட்டோடு குழந்தை பெற்ற பெண்கள் கூடுதல் அளவு ஃபோலிக் அமிலம் எடுத்தபோது அக்குறைபாடு மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. அப்படிப்பட்டவர்களுக்கும், சர்க்கரை நோயோ வலிப்பு மாத்திரையோ உள்ளவர்களுக்கும் அளவு கூடும். அதை மருத்துவர் எழுதித்தருவார். உணவில் பெரிய விரதங்கள் தேவையில்லை: நன்கு வேகாத இறைச்சியும் காய்ச்சாத பாலும் வேண்டாம், காஃபீன் நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும், மற்றபடி எது உள்ளே தங்குகிறதோ அதைச் சாப்பிடுங்கள். இந்த வாரங்களில் கருவின் தேவை மிகச் சிறியது. இருவருக்காகச் சாப்பிட வேண்டிய கட்டம் இதுவல்ல.

காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. பெரிய நாப்கின் ஒன்று ஒரு மணி நேரத்தில் முழுக்க நனைந்து, அடுத்த மணியிலும் அப்படியே ஆனால்; அடிவயிற்றில் ஒரு பக்கமாகத் தாங்க முடியாத வலி வந்தால்; தோள்முனையில் காரணமில்லாமல் வலித்தால்; கண் இருட்டி மயக்கம் வந்தால்; ரத்தக் கசிவோடு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், இரவு எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. தோள்முனை வலி விசித்திரமாகத் தோன்றும். வயிற்றுக்குள் கசியும் ரத்தம் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும்போது வலியைத் தோளில் உணர்கிறோம். இரண்டுக்கும் நரம்பு வழி பொது. உங்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு என்று மேலே எழுதினேன்; இதைப் படிக்கும், இன்னும் ஸ்கேன் எடுக்காத பெண்களுக்காக எழுதிவைக்கிறேன்.

தெரிந்துகொண்ட கர்ப்பங்களில் 10 முதல் 20 சதவீதம் கருச்சிதைவில் முடிகின்றன. தாயின் வயது கூடக்கூட அது கூடும். ஒழுங்கான துடிப்பைப் பார்த்துவிட்டால் நன்றாகவே குறையும். இன்றைய நிலையில் உங்களுக்கு இத்தனை சதவீதம் என்று யாராவது சொன்னால் அது ஊகம்தான். அடுத்த ஸ்கேன் நல்லபடியாக அமையாவிட்டால் மூன்று வழிகள் இருக்கும்: தானாக வெளியேறக் காத்திருப்பது, மாத்திரையால் வெளியேற்றுவது, சிறிய உறிஞ்சு சிகிச்சை. உடல்நிலை அவசரப்படுத்தாத வரை இதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. அன்றே, அந்த அறையிலேயே முடிவு சொல்லியாக வேண்டியதில்லை. மூன்றில் எதைத் தேர்ந்தாலும் அடுத்து கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு முறை கரு கலைந்த பெரும்பாலானோருக்கு அடுத்த கர்ப்பம் நல்லபடியாகவே போகிறது.

ஸ்கேனுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் அதே இடத்துக்கே போங்கள், அளவுகளை ஒப்பிட வசதியாக இருக்கும். உள்ளிருந்து எடுக்கும் ஸ்கேன் என்பதால் சிறுநீரை அடக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. சாக்கின் சராசரி விட்டம், கருவின் நீளம், துடிப்பு இருந்தால் நிமிடத்துக்கு எத்தனை என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மாதவிடாய்ச் சுற்று 33 முதல் 35 நாள் என்பதைப் படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பல ரிப்போர்ட்டுகளில் அது விடுபட்டுப்போகிறது. எடுப்பவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால், "தெரிவதைத் தெரியத் தெரியச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.